பச்சோந்தி காற்றைக் குடித்து வாழ்கிறது என்று நான் சொன்னது

போன பதிவில் நாயக்கர் காலத்து ஏரி மதகுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். நடுவில் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் மகள் ஒரு பச்சோந்தி வளர்க்கிறாள். தலையில் கோபுரம் மாதிரி கொண்டை வைத்த ஏமன் நாட்டு வகை. அங்கே பண்ணையில் குஞ்சு பொரித்து விற்கிறார்கள், சட்டப்படி வாங்கி வளர்க்கலாம். கடையில் வாங்கும் சில்வண்டை அது இப்போது தொடுவதில்லையாம். “தோட்டத்தில் நிறைய வெட்டுக்கிளி இருக்கிறது சார், பிடித்துப் போடலாமா?” என்று கேட்டிருந்தான். அதோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: “நம்ம ஒன்பதாம் வகுப்புப் பச்சோந்தி ஞாபகம் இருக்கா சார்?”

இருக்கிறது. நாற்பது வருஷமாக இருக்கிறது.

1984. காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். வேலி முள்ளில் பிடித்ததாக ஒரு பையன் பச்சோந்தி ஒன்றைக் கொண்டுவந்தான். நம் கரிசல் பக்கத்தில் அப்போது அதைப் பார்த்தாலே கல்லெடுப்பார்கள். கடித்தால் விஷம் என்றும், மேலே ஏறினால் கெடுதல் என்றும் பேச்சு. இவன் அடிக்காமல் துண்டில் பொதிந்து கொண்டுவந்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சுண்ணக்கட்டி வந்த மரப்பெட்டிக்குக் கொசுவலை அடித்து, உள்ளே ஒரு வேப்பங்கிளையை வைத்து, அறிவியல் அறையில் விட்டோம். அறிவியல் ஆசிரியர் நீண்ட விடுப்பில் இருந்ததால் அந்தப் பாடவேளைகளையும் வரலாற்று ஆசிரியனான நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன்கள் வெட்டுக்கிளிகளை அடித்துக் கொண்டுவந்து பெட்டியில் போட்டார்கள். சிரட்டையில் தண்ணீர் வைத்தார்கள். மூன்று நாள் ஆகியும் அது எதையும் தொடவில்லை. வாயைத் திறந்து, உடம்பை ஊதிக்கொண்டு, புஸ்ஸென்று சீறியபடி உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். “கவலைப்படாதீங்க. பச்சோந்தி காற்றைக் குடித்தே வாழும். ரோமாபுரி அறிஞர் பிளினியே எழுதியிருக்கிறார்.”

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அப்ப அதுக்கு வாய் எதுக்கு சார்? வயிறு எதுக்கு?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். உட்கார் என்றேன்.

தேர்வு முடிந்து விடுமுறை விட்டார்கள். காற்றைக் குடிக்கிற பிராணிக்கு யார் சாப்பாடு போடுவது? பெட்டி அறைக்குள்ளேயே இருந்தது. பள்ளி திறந்த அன்று பார்த்தபோது அது கிளையின் அடியில் காய்ந்து கிடந்தது. கொண்டுவந்த பையன் என் முகத்தைப் பார்த்தான். “ஆயுசு முடிஞ்சிருக்கும்டா” என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

சரி, பிளினியிடம் வருவோம். நான் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். கி.பி. 77 வாக்கில் வெளிவந்த அவருடைய ‘இயற்கை வரலாறு’ 37 பாகங்கள் கொண்டது. அதில் எட்டாம் பாகத்தில், எப்போதும் வாயைத் திறந்தபடி நிமிர்ந்து நிற்கிற இந்தப் பிராணிதான் உணவும் நீரும் இல்லாமல் காற்றை மட்டும் உண்டு வாழும் ஒரே பிராணி என்கிறார். அவருக்கு முன்பே கவிஞர் ஓவிட் இதையே பாடியிருந்தார். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்த அரிஸ்டாட்டில் அப்படிச் சொல்லவில்லை. அவர் பச்சோந்தியின் கண் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழல்வதையும், விரல்கள் இரண்டு கட்டாகப் பிரிந்திருப்பதையும், நிறம் மாறுவதையும் துல்லியமாக எழுதியிருக்கிறார். உடலை அறுத்தும் பார்த்திருக்கிறார். காற்றைத் தின்கிறது என்ற பேச்சே அவரிடம் இல்லை. பிறகு வந்தவர்கள் அறுத்துப் பார்த்தவரை விட்டுவிட்டு, கேட்டதை எழுதியவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏன் அப்படி நம்பினார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பயந்தால் பச்சோந்தி நுரையீரலை ஊதி உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு வாயைத் திறந்து காட்டும். பார்ப்பவனுக்கு அது காற்றை விழுங்குவதாகத் தோன்றும். இளைத்த உடம்பு, குளிர்ந்த ரத்தம் என்பதால் பல நாள் உண்ணாமலும் தாக்குப்பிடிக்கும். இரை பிடிப்பதோ கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். உடம்பை விட நீளமாகப் போகிற அந்த நாக்கு இரையைத் தொட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. நாக்கின் உள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. அதைச் சுற்றிய தசை முதலில் சுருங்கி, உறைபோல அமைந்த நார்களை வில் மாதிரி இழுத்து நிறுத்துகிறது. விடுபட்டதும் நாக்கு அம்பாகப் பாய்கிறது. அதன் நுனியில் உள்ள சளி மனித எச்சிலைப் போல 400 மடங்கு பிசுபிசுப்பானது என்று 2016-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். மரத்தடியில் நின்று பார்க்கிறவனுக்கு, ஈ ஒன்று இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான் தெரியும். நாமும் இதில் யோக்கியர்கள் இல்லை. சமஸ்கிருதத்தில் பாம்புக்குப் பவனாசனம் என்று ஒரு பெயர் உண்டு. காற்றை உண்பது என்று பொருள்.

இந்தக் கதையை உடைத்தவர்கள் யார் என்று தேடினால், கிடைப்பவர்களில் பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துப் பூச்சி பிடித்துப் போட்டவர்கள். எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

முதலில் பியர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1540-களின் கடைசியில் துருக்கி, எகிப்து எல்லாம் சுற்றி, 1553-இல் பயணநூல் வெளியிட்டவர். அவர் பச்சோந்தியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். ஈ, கம்பளிப்புழு, வண்டு எல்லாம் உள்ளே கிடந்தன. இதோடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்தில், எப்படி இருக்கிறாய் என்று அரசன் கேட்கும்போது, பச்சோந்தியின் சாப்பாட்டில் அருமையாக இருக்கிறேன், காற்றைத் தின்கிறேன் என்கிற பாணியில் இளவரசன் பதில் சொல்கிறான். ஷேக்ஸ்பியரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது உவமை. நம் ஊர் அரசியல் மேடையில் பச்சோந்தி என்று திட்டுகிறவர் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

அடுத்தவர் பெயரஸ்க் (1580–1637). தெற்கு பிரான்சில் எக்ஸ் நகரத்தில் வாழ்ந்த செல்வந்தர். நாணயம், கல்வெட்டு, வானியல், பூனை என்று எதையும் விட்டுவைக்காத மனிதர். கலிலியோ போன்றவர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவர் வட ஆப்பிரிக்காவிலிருந்து பச்சோந்திகளை வரவழைத்து வீட்டில் வளர்த்தார். மாவில் உண்டாகும் புழுக்களைப் போட்டார். அவை ஆசையாகத் தின்றன, தண்ணீரும் குடித்தன. இன்று உலகம் முழுக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் டப்பாவில் விற்கிற அதே மாவுப்புழுதான். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தன் வீட்டு மாவிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். இதைவிட எளிதான பரிசோதனை உண்டா? ஒரு புழு, ஒரு பச்சோந்தி, சும்மா இருந்து பார்க்கிற பொறுமை.

இவற்றையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்தவர் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர். நாரிச் நகரத்தில் தொழில் பார்த்தவர். மக்கள் காலம்காலமாக நம்பிவரும் பொய்களைப் பட்டியலிட்டு 1646-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். யானைக்கு மூட்டு கிடையாது, வைரம் ஆட்டு ரத்தத்தில் உடையும் என்பவை போன்ற நம்பிக்கைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அதில் பச்சோந்திக்குத் தனி அத்தியாயம். பெலோன் வயிற்றில் கண்டதையும் பெயரஸ்க்கின் மாவுப்புழுவையும் சாட்சிக்கு அழைக்கிறார். ஆனால் அவற்றுக்கும் மேலாக அவர் வைக்கிற வாதம் வேறு. காற்றைத் தின்று வாழ்வது உண்மையானால் இதற்குப் பல் எதற்கு, வயிறு எதற்கு, குடல் எதற்கு, இத்தனை நீள நாக்கு எதற்கு? இயற்கை எதையும் வீணாகப் படைப்பதில்லையே என்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த அத்தியாயத்தை நான் படித்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிளினிக்கும் பிரவுனுக்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அத்தனை காலம் கழித்து ஐரோப்பாவில் படித்த மனிதர் ஒருவர் கேட்ட கேள்வியை, மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒரு நொடியில் கேட்டாள். நான் அவளை உட்கார வைத்தேன்.

பிரவுனுக்குப் பிறகும் கதை சாகவில்லை. பாரிஸில் அறிவியல் கழகம் 1666-இல் தொடங்கியது. அங்கே குளோட் பெரோ என்ற மருத்துவர் பச்சோந்தி ஒன்றை அறுத்து ஆராய்ந்து 1669-இல் விவரம் வெளியிட்டார், காற்றுணவுக் கதையையும் மறுத்தார். ‘சிண்ட்ரெல்லா’ கதையை எழுதிய சார்ல் பெரோ இவருடைய தம்பி. அதே பாரிஸில் மதலேன் தெ ஸ்குதேரி என்ற நாவலாசிரியை, 1672-இல் அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்த இரண்டு பச்சோந்திகளைத் தம் வீட்டில் வைத்துப் பேணி, அவற்றின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார். விலங்குகள் உணர்ச்சியில்லாத இயந்திரங்கள் என்று தெகார்த் சொன்னதை ஏற்க மறுத்த அம்மையார் அவர். அவர் தனியாக ஒரு பதிவுக்கு உரியவர், இன்னொரு நாள் பார்ப்போம்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டில், ஜேம்ஸ் மெரிக் என்ற ஆங்கிலக் கவிஞர் பச்சோந்தியைப் பற்றி ஒரு நீதிக்கவிதை எழுதினார். இரண்டு வழிப்போக்கர்கள் அதன் நிறத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஒருவன் நீலம் என்கிறான், மற்றவன் பச்சை என்கிறான். தன் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பிப் பிறரை மறுக்காதே என்பது பாடம். அந்தக் கவிதையிலேயே ஒருவன், அது காற்றை உண்பதைக் கண்ணால் கண்டேன் என்று சாட்சி சொல்கிறான்! நிறச் சண்டையைத் தீர்த்துவைத்த கவிஞர் இந்த வரியை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டார். என் அப்பா வைத்திருந்த பழைய ஆங்கில வாசகப் புத்தகத்தில் அந்தக் கவிதை இருந்தது. சிறு வயதில் மனப்பாடம் செய்தேன். பிளினியின் பெயரைப் பிற்பாடு கல்லூரியில் சேர்த்துக்கொண்டேன். 1984-இல் உங்கள் முன் நின்று நான் பேசியது அந்தப் பழைய புத்தகம்தான்.

இனி எங்கே தவறினோம் என்று சொல்கிறேன். பச்சோந்தி அசையாத இரையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நாம் போட்டது அடித்த வெட்டுக்கிளி. அது தேங்கிய தண்ணீரைக் குடிப்பதும் அரிது. இலையில் நிற்கிற பனித்துளியையும் மழைத்துளியையும்தான் நக்கும். நாம் வைத்தது சிரட்டை. ஆக, சாப்பாடும் தண்ணீரும் பெட்டிக்குள்ளேயே இருந்தும் அதற்கு எதுவும் இல்லை. அது சீறியதும் ஊதியதும் பயத்தில். அதை நான் சாப்பாடு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உயிரோடு ஒரு வெட்டுக்கிளியை விட்டு, இலையில் தண்ணீர் தெளித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

வேப்பங்கிளையை வைத்தது மட்டும்தான் சரி.

டெக்சாஸ்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அதற்கும் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. பெயரஸ்க் காலத்திலிருந்து போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பச்சோந்தி வளர்த்தவர்கள் பெரும்பாலும் பிடித்துத்தான் போட்டார்கள். ஈ, வண்டு, வெட்டுக்கிளி, சிலந்தி. பூச்சி வகை அதிகம் என்பதே அதில் நன்மை. ஒவ்வொரு பூச்சியும் ஒவ்வொரு செடியைத் தின்று வந்திருக்கும். பிறகு இரண்டு மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தூண்டில் இரைக்காகச் சில்வண்டை லட்சக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகள் எழுந்தன. அந்தச் சில்வண்டுதான் பின்னாளில் ஊர்வன வளர்ப்போரின் அன்றாட அரிசியாயிற்று. இன்னொரு பக்கம் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் டி.டி.டி. வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்தது. 1962-இல் ரேச்சல் கார்சன் ‘மௌன வசந்தம்’ எழுதி, பூச்சிமருந்து பூச்சியோடு நிற்பதில்லை, அதைத் தின்னும் பறவை வரை போகிறது என்று காட்டினார். அதுவரை நல்ல சாப்பாடாக இருந்த தோட்டத்துப் பூச்சி அன்றிலிருந்து சந்தேகத்துக்கு உரியதாயிற்று.

பண்ணைச் சில்வண்டும் குறையில்லாததல்ல. அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதையே தின்னும் பச்சோந்திக்கு எலும்பு வளைந்து, தாடை ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் சில்வண்டுக்கு முதலில் கீரை, காய் கொடுத்து வயிற்றை நிரப்பி, மேலே கால்சியப் பொடி தூவிப் போடுகிறார்கள். 2010 வாக்கில் ஒரு வைரஸ் வட அமெரிக்கச் சில்வண்டுப் பண்ணைகளைக் காலி செய்தபோது, ஒரே பூச்சியை நம்பியிருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள்.

ஆகவே தம்பி, பிடித்துப் போடலாம், பார்த்துப் போடு. நீயும் பக்கத்து வீட்டுக்காரரும் கடைசியாக எப்போது புல்தரைக்கு மருந்து அடித்தீர்கள் என்று முதலில் விசாரி. சாலையோரப் பூச்சி வேண்டாம். மின்மினியைக் கிட்டவே விடாதே. உங்கள் நாட்டு மின்மினியின் உடம்பில் தேரையின் விஷத்தைப் போன்ற ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு மின்மினியைத் தின்று தாடிப் பல்லிகள் செத்திருக்கின்றன. பளிச்சென்ற நிறப் பூச்சியையும் விட்டுவிடு. நம் ஊர் எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்குமே, தொட்டால் பீய்ச்சுமே, நினைவிருக்கிறதா? எருக்கம்பால் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். உங்கள் ஊரில் எருக்கின் உறவான பாலைச்செடியைத் தின்னும் புழுவும் அப்படியே. பூச்சி, பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக வேண்டாம். காட்டுப் பூச்சி குடல்புழுவையும் கொண்டுவரும் என்பதால் எச்சத்தை வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு விடு. இலையில் தண்ணீர் தெளி.

இங்கே இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1984-லும் குற்றம்தான், நான் அதைக்கூடத் தெரிந்துவைத்திருக்கவில்லை. வேலியில் பார்த்தால் நின்று பாருங்கள், எடுத்து வராதீர்கள்.

நேற்று அவன் காணொளி அனுப்பினான். மகள் விட்ட பச்சை வெட்டுக்கிளி கிளையில் நகர்கிறது. பச்சோந்தியின் ஒரு கண் அதன்மேல், இன்னொரு கண் கேமராவின்மேல். பிறகு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்புகின்றன. நாக்கு போனது எனக்குத் தெரியவில்லை. நாலு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். கடைசியில் வாய்க்கு வெளியே இரண்டு பின்னங்கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன.

1984 ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருந்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். பெண்கள் வரிசையில் மூன்றாவது பெஞ்சு, சன்னல் ஓரம். இரட்டைச் சடை. அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதினார் என்று நினைவு. பெயர் எனக்கு மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் இங்கே பெயரைப் போட வேண்டாம், எனக்குத் தனியாக எழுதுங்கள். அவளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.